நாயின் வாயும் நம் வாயும்

நாய் வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நாயின் வாய் மனிதனின் வாயைவிடச் சுத்தமானது என்று சொல்கிறார்களே, அது உண்மைதானா என்பதே அக்கேள்வி. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால், ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் தந்துவிடுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. சுத்தம், அசுத்தம் என்ற அளவுகோலை வைத்து வாயை அளக்கவே முடியாது என்பதுதான் காரணம். நாயின் வாய், பூனையின் வாய், நம் வாய் ஆகிய மூன்றிலும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் அவை வெவ்வேறு பாக்டீரியாக்கள். அந்தந்த உமிழ்நீருக்கும் அந்தந்தப் பல்லுக்கும் அந்தந்த உணவுக்கும் பழகிப்போனவை. தான் பிறந்து வளர்ந்த வாயில் யாருக்கும் தொல்லை தராமல் காலம் தள்ளும் ஓர் இனம், வேறோர் உடலுக்குள்ளோ அதே உடலில் தனக்குரியதல்லாத ஓரிடத்துக்கோ போய்விட்டால் உயிரைப் பறிக்கவும் கூடும். ஆகவே எந்த பாக்டீரியா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அது எங்கே இருக்கிறது, எந்தச் சூழலில் இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு மிகப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1880-ஆம் ஆண்டின் இறுதியில், வெறிநாய்க்கடியால் இறந்துபோன ஒரு குழந்தையின் உமிழ்நீரை எடுத்து லூயி பாஸ்டர் முயல்களின் உடலில் செலுத்தினார். முயல்கள் விரைவிலேயே இறந்தன. அவற்றின் இரத்தத்தில் இரண்டிரண்டாக ஒட்டிய உருண்டை வடிவ நுண்ணுயிரிகள் நிறைந்திருந்தன. இதற்கும் வெறிநோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்ற ஐயம் முதலில் எழுந்தது. ஆனால் வேறு நோய்களால் இறந்த குழந்தைகளின் உமிழ்நீரிலும், ஏன், நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களின் உமிழ்நீரிலும் அதே நுண்ணுயிரி காணப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்க இராணுவ மருத்துவரான ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் தம்முடைய சொந்த உமிழ்நீரையே முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். அந்த முயல்களும் இறந்தன. இருவருடைய அறிக்கைகளும் 1881-இல் வெளிவந்தன. நிமோனியாவுக்குக் காரணமான நியூமோகாக்கஸ் என்று பின்னாளில் அறியப்பட்டது இந்த நுண்ணுயிரிதான். ஸ்டெர்ன்பெர்க் நோயாளி அல்லர். அந்த உமிழ்நீரை நாள்தோறும் விழுங்கிக்கொண்டு நலமாகவே இருந்தார். அவருடைய வாயில் வாளாவிருந்தது முயலின் தோலுக்கடியில் போனதும் கொன்றுவிட்டது. வாய் நுண்ணுயிரிகளைப் பற்றி நான் படித்தவற்றுள் இவ்வளவு தெளிவாக மனத்தில் பதிந்தது வேறொன்றில்லை.

வாய் என்று ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோமே தவிர, பாக்டீரியாவுக்கு அது ஒரே இடம் அன்று. கன்னத்தின் உட்பரப்பு தன் மேலடுக்குச் செல்களை ஓயாமல் உதிர்த்துக்கொண்டே இருப்பதால் அங்கே ஒட்டிக்கொள்பவை நெடுநாள் நிலைப்பதில்லை. நாக்கின் மேற்பரப்பிலோ எண்ணற்ற நுண்காம்புகளும் அவற்றுக்கிடையே ஆழமான பள்ளங்களும் இருக்கின்றன. குறிப்பாக நாக்கின் பின்பகுதியில் ஆக்சிஜன் எட்டாத மூலைகள் மிகுதி. வாய் நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே எழுகின்றன. பல்லின் எனாமலோ உடலில் எங்குமே காணக்கிடைக்காத ஒரு பரப்பு, ஏனெனில் அது உதிர்வதே இல்லை. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள சில மில்லிமீட்டர் இடுக்கு இன்னொரு தனி உலகம். அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு, ஈறிலிருந்து கசியும் புரதம் நிறைந்த நீரே உணவு. மனித வாயில் இதுவரை எழுநூறுக்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஒரே ஒருவருடைய வாயில் அவற்றில் நூறு முதல் இருநூறு வரை இருக்கலாம். அவற்றில் ஒரு பகுதியை இன்றுவரை ஆய்வகத் தட்டுகளில் வளர்க்க முடிந்ததில்லை, டி.என்.ஏ. மூலமாக மட்டுமே அவை இருப்பது தெரியும்.

நாள் ஒன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், சிலருக்கு ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் பத்துக் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும் என்பதைக் கேட்டால் உமிழ்நீரிலேயே அவை பெருகுகின்றன என்று தோன்றும். உண்மையில் அவை நாக்கிலிருந்தும் பல்லிலிருந்தும் கழுவிக்கொண்டு வரப்பட்டவை. பெருகி எண்ணிக்கையைக் கூட்டுவதற்குள் விழுங்கப்பட்டு இரைப்பையின் அமிலத்தில் மடிந்துவிடும். ஆகவே வாயில் வாழ வேண்டுமானால் முதல் தகுதி எதையாவது பற்றிக்கொள்வதுதான். எந்தப் பரப்பை எந்த இனத்தால் பற்றிக்கொள்ள முடிகிறது என்பதை வைத்தே யார் எங்கே வாழ்வது என்பது முடிவாகிறது.

பச்சிளங் குழந்தையின் வாயைக் கவனித்தால் இது விளங்கும். பிறந்த சில நாட்களுக்குள்ளேயே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலைவேரியஸ் என்னும் இனம் குழந்தையின் நாக்கில் குடியேறிவிடுகிறது. அதற்கு நாக்கின் பரப்பே போதும். ஆனால் பல்லின் மேல் மட்டுமே நிலைக்கக்கூடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ், பற்சொத்தையோடு பெயர் இணைந்துபோன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் ஆகிய இரண்டும் முதற்பல் முளைக்கும்வரை அங்கே நிலைகொள்வதில்லை. மியூட்டன்ஸ் வந்து சேர்வது பெரும்பாலும் தாயிடமிருந்தே. தாயின் வாயில் இருக்கும் வகையும் குழந்தையின் வாயில் இருக்கும் வகையும் மரபணு அளவில் ஒன்றாக இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

துலக்கி முடித்த பல்லும் வெறுமையாக இருப்பதில்லை. சில நிமிடங்களுக்குள் உமிழ்நீரிலுள்ள புரதங்கள் எனாமலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. அந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்ளத் தெரிந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களும் ஆக்டினோமைசஸ்களும் முதலில் வந்து சேர்கின்றன. பிறகு வருபவை பல்லைப் பற்றுவதில்லை. முன்னால் வந்தவற்றைப் பற்றிக்கொள்கின்றன. நீண்ட ஊசி வடிவமுள்ள ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்னும் இனத்தால் பலதரப்பட்ட பாக்டீரியாக்களோடு ஒட்டிக்கொள்ள முடிகிறது. முதலில் வந்தவற்றையும் ஆக்சிஜனைத் தாங்கமுடியாமல் கடைசியில் வருபவற்றையும் இணைப்பது அதுவே. ஓர் இழை வடிவ பாக்டீரியாவைச் சுற்றிலும் உருண்டைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் அமைப்புக்குச் சோளக்கதிர் என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் சேர்ந்ததுதான் நாம் நகத்தால் சுரண்டினால் வரும் அந்த வெண்மையான பற்படலம்.

அதை நுண்ணோக்கியில் பார்க்கும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் தவறவிடக் கூடாது. கடைவாய்ப் பல்லின் ஓரத்தில், ஈறைத் தொடும் இடத்திலிருந்து ஊசிமுனையளவு படலத்தை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் கலந்து, மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடி, சாயம் எதுவும் போடாமல் பேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சங்கிலி சங்கிலியாகக் கோத்த உருண்டைகள் அசையாமல் கிடக்கும். கண்ணுக்குப் புலப்படும் பரப்பு முழுவதையும் கடந்து போகும் அளவுக்கு நீண்ட இழைகள் தெரியும். சில தண்டு வடிவச் செல்கள் கண்ணாடியின் மேல் வழுக்கிக்கொண்டே மெல்ல நகரும். ஈறு வீங்கியிருக்கும் ஒருவருடைய படலமாக இருந்தால், சுருள் வடிவ ஸ்பைரோகீட்டுகள் உடலை முறுக்கி முறுக்கி இங்குமங்கும் பாய்வதைக் காணலாம். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு இதைக் காட்டும்போது, சற்று நேரம் யாரும் பேசுவதில்லை. பிறகு யாராவது ஒருவர், இது உண்மையிலேயே என் வாயிலிருந்து எடுத்ததா என்று கேட்பார்.

இந்தக் காட்சியை முதன்முதலில் எழுதி வைத்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த ஆன்டனி வான் லேவன்ஹூக். 1683 செப்டம்பர் 17 அன்று இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில், தம் பற்களுக்கிடையே இருந்த வெண்மையான பொருளில் மிகச் சிறிய உயிர்கள் அசைந்துகொண்டிருந்ததை விவரித்து, அவற்றின் படங்களையும் இணைத்திருந்தார். நாள்தோறும் உப்பால் பற்களைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் வழக்கம் அவருக்கு இருந்தும் அவை இருந்தன. வாழ்நாளில் பல்லையே துலக்கியிராத முதியவர் ஒருவருடைய வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்தார். அங்கே அவை இன்னும் பெருகியிருந்தன. அவர் காடியையும் சோதித்துப் பார்த்தார். படலத்தின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே காடியால் மடிந்தன, உள்ளே இருந்தவை தப்பிவிட்டன என்று அவர் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு வியப்புத் தீர்வதில்லை. மருந்து கலந்த நீரால் வாயைக் கொப்பளித்தால் மட்டும் போதாது, படலத்தைத் தேய்த்துக் கலைக்கவே வேண்டும் என்று இன்று பல் மருத்துவர்கள் சொல்வதன் காரணம் அதேதான்.

பற்சொத்தையைப் புழு அரிப்பதாக உலகின் பல பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்பிவந்தார்கள். பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், பாக்டீரியாக்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் நொதிக்கச் செய்து வெளிவிடும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்ற விளக்கத்தை 1890-இல் முன்வைத்தார். 1924-இல் கிளார்க் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து மியூட்டன்ஸ் இனத்தைப் பிரித்தெடுத்தார். 1954-இல் அமெரிக்காவில் ஆர்லண்ட் குழுவினர், நுண்ணுயிரிகளே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு எவ்வளவு சர்க்கரை கொடுத்தாலும் சொத்தை வருவதில்லை என்று காட்டினர். எனவே பாக்டீரியா இல்லாமல் சொத்தை இல்லை. ஆனால் பாக்டீரியா இருந்தாலே சொத்தை வந்துவிடும் என்பதும் இல்லை.

எனாமல் கரையத் தொடங்கும் எல்லை பி.எச். 5.5-ஐ ஒட்டியது (பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்). 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்பவர், சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளித்த பின் பற்படலத்தின் பி.எச். அளவு எப்படி மாறுகிறது என்று அளந்தார். சில நிமிடங்களுக்குள் அது அந்த எல்லைக்குக் கீழே இறங்கியது. உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி மட்டுப்படுத்தி பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆனது. அந்த இடைவெளியில் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறுகின்றன, பி.எச். ஏறியதும் உமிழ்நீரிலிருந்து அவை திரும்பப் படிகின்றன. ஒருவர் எவ்வளவு இனிப்பு உண்கிறார் என்பதைவிட எத்தனை முறை உண்கிறார் என்பது பல்லுக்கு முக்கியமாவது இதனால்தான். இடைவிடாமல் ஏதாவது இனிப்பைக் கொறித்துக்கொண்டிருப்பவரின் படலம் எழுந்து நிற்க நேரமே கிடைக்காமல் அமிலத்திலேயே கிடக்கும். அந்த நிலையில் அமிலத்தைத் தாங்கும் மியூட்டன்ஸும் லாக்டோபேசில்லஸும் பெருக, தாங்க முடியாத மற்ற இனங்கள் குறைந்துபோகும். மியூட்டன்ஸ் வாயைக் கெடுத்தது என்று சொல்வது பாதி உண்மைதான். மியூட்டன்ஸுக்கு ஏற்றபடி வாய் மாறியது என்பதையும் சேர்த்தால்தான் உண்மை முழுமையாகும்.

ஈறு நோயிலும் இதே கதைதான், ஆனால் அங்கே நடப்பது வேறு. 1965-இல் டென்மார்க்கில் பணியாற்றிய ஹரால்ட் லோ, ஈறு நலமாக இருந்த பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் அவர்கள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. படலத்தில் முதலில் இருந்த உருண்டைகளுக்குப் பதிலாக இழைகளும், பிறகு வளைந்த தண்டுகளும் ஸ்பைரோகீட்டுகளும் பெருகின. மீண்டும் துலக்கத் தொடங்கிய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. யாரும் யாருக்கும் புதிய கிருமியைத் தொற்றச் செய்யவில்லை. இருந்த இனங்களின் விகிதம் மட்டுமே மாறியது. வீக்கம் நீண்ட நாள் நீடித்தால் இடுக்கு ஆழமாகி, ஆக்சிஜன் மேலும் குறைந்து, போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்றவை ஓங்குகின்றன. அவை வெளிவிடும் நொதிகள் ஈறின் புரதங்களைச் சிதைக்கின்றன. வீங்கிய ஈறிலிருந்து கசிவது அவற்றுக்கே மறுபடியும் உணவாகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துபோவதற்குப் பாக்டீரியாவை எதிர்க்க முனையும் நம் உடலின் செயலும் பெரிய காரணம்.

வாய் பாக்டீரியாக்கள் செய்யும் நன்மையையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கீரைகளிலிருந்து கிடைக்கும் நைட்ரேட்டில் ஏறத்தாழ கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரத்தத்திலிருந்து ஈர்த்து வாய்க்குள் திருப்பி அனுப்புகின்றன. நாக்கிலுள்ள வெயில்லோனெல்லா, ரோத்தியா, நைசீரியா ஆகியவை அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மனித உடலின் செல்களால் இந்த வேலையைப் போதிய அளவு செய்ய இயலாது. நைட்ரைட்டிலிருந்து உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. கிருமிநாசினி கலந்த கொப்பளிப்பு நீரைத் தொடர்ந்து சில நாட்கள் பயன்படுத்தியவர்களுக்கு இரத்த அழுத்தம் சற்றே உயர்ந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மருத்துவர் சொல்லாமல் அத்தகைய நீரை நாள்தோறும் பயன்படுத்துவதை நான் ஆதரிப்பதில்லை.

இனி இடம் மாறுவதைப் பற்றி. ஈறிலுள்ள சிறு காயத்தின் வழியே வாய் பாக்டீரியாக்கள் இரத்தத்தில் கலப்பது அரிதான செயல் அன்று; பல் பிடுங்கும்போது மட்டுமின்றிப் பல் துலக்கும்போதும் அது நடக்கிறது. இயல்பான இதயமுள்ளவருக்குச் சில நிமிடங்களில் உடல் அவற்றை அழித்துவிடும். செயற்கை வால்வு பொருத்தப்பட்டவருக்கோ வால்வு பழுதடைந்தவருக்கோ அவை அங்கே ஒட்டிக்கொண்டு இதய உள்ளுறை அழற்சியை உண்டாக்கலாம். பல்லைப் பற்றிக்கொள்ள உதவிய அதே ஒட்டும் திறன்தான் வால்வைப் பற்றவும் உதவுகிறது. செயற்கை வால்வு உள்ளவர்களுக்குப் பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் கொடுப்பது இதனால்தான். பற்படலத்தில் இணைப்பாளராக இருக்கும் ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் பெருங்குடல் புற்றுக்கட்டிகளுக்குள் மிகுந்திருப்பதை 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன.

நாயின் வாய்க்கு வருவோம். 2012-இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வு நாய்களின் வாயில் 353 பாக்டீரியா வகைகளைக் கண்டது. மனித வாய்க்கும் நாயின் வாய்க்கும் பொதுவாக இருந்தவை ஏறத்தாழ பதினாறு சதவீதமே. நம் பல்லில் முதலில் குடியேறுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் என்றேன்; நாயின் பல்லில் அவை அரிது, அவ்விடத்தில் நைசீரியா, பெர்ஜியெல்லா போன்றவை இருக்கின்றன. நம் ஈறில் ஜிஞ்சிவாலிஸ் செய்யும் வேலையை நாயின் ஈறில் அதன் நெருங்கிய உறவான போர்ஃபைரோமோனாஸ் குலே செய்கிறது. நலமான ஈறு, நோயுற்ற ஈறு ஆகியவற்றில் எவ்வகை மிகுந்திருக்கும் என்று நாம் மனிதரை வைத்துக் கற்றுக்கொண்ட பாடம்கூட நாய்க்குப் பொருந்தவில்லை. ஒரு சாயச் சோதனையை வைத்து பாக்டீரியாக்களைக் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று இரு வகையாகப் பிரிப்பது வழக்கம். மனிதரில் ஈறு கெடக் கெட கிராம் நெகட்டிவ் வகைகள் கூடும். நாயிலோ நலமான ஈறிலேயே கிராம் நெகட்டிவ் வகைகள் ஓங்கியிருக்க, நோய் தொடங்கும்போது ஆக்சிஜன் வேண்டாத கிராம் பாசிட்டிவ் வகைகள் கூடுகின்றன.

இந்த வேறுபாட்டுக்கெல்லாம் அடிப்படையில் இருப்பது உமிழ்நீர். மனித உமிழ்நீர் நடுநிலையை ஒட்டியது. நாயின் உமிழ்நீர் காரத்தன்மை மிக்கது, பி.எச். 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நம் உமிழ்நீரில் நிறைந்திருக்கும் மாவுப்பொருளைச் சிதைக்கும் அமைலேஸ் நொதி நாயின் உமிழ்நீரில் அநேகமாக இல்லை. அமிலம் சேர்ந்தாலும் காரத்தன்மை அதை மட்டுப்படுத்திவிடுவதாலும், பற்கள் கூம்பு வடிவில் பள்ளங்கள் குறைவாக அமைந்திருப்பதாலும் நாய்க்குப் பற்சொத்தை வருவது அரிது. ஆனால் அதே காரத்தன்மை படலத்தின் மேல் கால்சியம் உப்புகள் படிவதைத் துரிதப்படுத்துகிறது. அதனால் நாயின் கடைவாய்ப் பற்களில் பழுப்பு நிறக் காரை வெகு சீக்கிரம் கட்டிக்கொள்கிறது. ஈறு நோய் வளர்ப்பு நாய்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது. நாய்க்குப் பல் துலக்கிவிட வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொன்னால் அதை மிகைப்பட்ட செல்லம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். மனிதருக்கான பற்பசையை மட்டும் பயன்படுத்தக் கூடாது. நாய் அதைத் துப்பாமல் விழுங்கிவிடும், சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு.

காரையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பற்படலம் கல்லாகிப்போவதால், அதிலிருந்த பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. பல்லோடு சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகள் அழியாமல் இருக்கிறது. 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நம் அழிந்துபோன உறவினரான நியாண்டர்தால் மனிதர்கள், பழைய மனிதர்கள், இக்கால மனிதர்கள், சிம்பன்சிகள், கொரில்லாக்கள், ஹவ்லர் குரங்குகள் ஆகியோரின் பற்காரையை ஒப்பிட்டது. மிகப் பழையது ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய நியாண்டர்தால் ஒருவருடையது. பத்துப் பாக்டீரியாப் பேரினங்கள் இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த உறவினர்களுக்கும் நமக்கும் இடையே அவை தொடர்ந்து வந்திருக்கின்றன. மனிதரிடமும் நியாண்டர்தாலிடமும் மட்டும் காணப்பட்ட ஒரு தன்மையும் இருந்தது: அமைலேஸ் நொதியைப் பற்றிக்கொண்டு மாவுப்பொருளிலிருந்து சர்க்கரை பெறத் தெரிந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள். நம் முன்னோர் மாவுச்சத்துள்ள உணவுக்குப் பழகியபோது அவர்களுடைய வாயில் இருந்தவையும் கூடவே பழகியிருக்கின்றன.

ஒரு வாயிலிருப்பவை இன்னோர் உடலுக்குள் நேராக நுழையும் வழி கடிதான். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா மல்டோசிடா மிகச் சாதாரணமாக வாழ்கிறது. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சீழ்பிடித்த பூனைக்கடிகளில் எழுபத்தைந்து சதவீதத்திலும் நாய்க்கடிகளில் ஐம்பது சதவீதத்திலும் பாஸ்டுரெல்லா இனங்கள் இருந்தன. பூனைக்கடிக்குப் பின் முதல் அறிகுறி தோன்றப் பாதிப் பேருக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நாய்க்கடி சதையைக் கிழித்துப் பார்க்கப் பயங்கரமாக இருக்கும்; பூனைக்கடியோ இரண்டு சிறு துளைகளாக மட்டுமே தெரியும். ஆனால் ஊசிபோன்ற அந்தப் பல் பாக்டீரியாவை விரல் மூட்டுக்குள்ளும் தசைநார் உறைக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது, துளை உடனே மூடிக்கொள்கிறது, வெளியிலிருந்து கழுவவும் முடிவதில்லை. அதனால் பூனைக்கடியே சீழ்பிடிக்க அதிக வாய்ப்புள்ளது. மனிதக் கடியும் எளிதானதன்று. சண்டையில் ஒருவர் பல்லில் குத்தும்போது கைமுட்டியில் ஏற்படும் சிறு வெட்டில் ஐகெனெல்லா கொரோடென்ஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களும் புகுந்து மூட்டையே கெடுத்துவிடுவதுண்டு.

கடியால் வரும் தொற்றுக்கு எல்லையில்லாக் கற்பனையும் சேர்ந்துகொள்வதுண்டு. இந்தோனேசியத் தீவுகளில் வாழும் மிகப் பெரிய பல்லியான கொமோடோவின் உமிழ்நீரில் கொடிய பாக்டீரியாக்கள் இருப்பதால், அது ஒருமுறை கடித்துவிட்டுப் பின்தொடர்ந்தாலே இரை நச்சுக்குருதியால் விழுந்துவிடும் என்று பல ஆண்டுகள் எழுதப்பட்டது. 2009-இல் பிரையன் ஃப்ரை குழுவினர் அதன் கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டினர். 2013-இல் விலங்குக் காட்சிசாலைகளில் இருந்த கொமோடோக்களின் வாயைச் சோதித்தபோது, ஊனுண்ணும் விலங்குகளிடம் எதிர்பார்க்கக்கூடிய சாதாரண பாக்டீரியாக்களே இருந்தன. உண்டு முடித்த பின் அந்தப் பல்லி நெடுநேரம் உதடுகளை நக்கி, தலையைத் தழைகளில் தேய்த்துத் தூய்மை செய்துகொள்ளும். கடிபட்ட எருமைகள் சில நாட்களில் தொற்றால் இறந்ததற்கு, அவை காயத்தோடு போய்ச் சாணம் கலந்த தேங்கிய நீரில் நின்றதே காரணமாகலாம் என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

நாய் தன் காயத்தை நக்கி ஆற்றிக்கொள்கிறது, ஆகவே நம் காயத்தையும் நக்கவிடலாம் என்ற நம்பிக்கையைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். நாயின் உமிழ்நீருக்கு ஈ. கோலை முதலான சில பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆற்றல் ஓரளவு உண்டு என்பது சோதனையில் தெரிந்ததே. ஆனால் அதே உமிழ்நீரில் கேப்னோசைட்டோஃபேகா கேனிமோர்சஸ் என்னும் மெல்லிய தண்டு வடிவ பாக்டீரியா இருக்கலாம். நாயின் வாயில் அது எந்த நோயையும் செய்வதில்லை. பெரும்பாலான மனிதர்களுக்கும் தீங்கு செய்வதில்லை. மண்ணீரல் நீக்கப்பட்டவர்கள், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து உண்பவர்கள், மதுவால் கல்லீரல் கெட்டவர்கள் ஆகியோரின் இரத்தத்தில் அது கலந்தால் ஓரிரு நாளில் காய்ச்சல், இரத்த அழுத்தச் சரிவு, விரல் நுனிகள் கருத்துப்போதல் என்று முற்றி உயிரிழப்பில் முடியலாம். கடிதான் வேண்டும் என்பதில்லை. திறந்த காயத்தை நாய் நக்கியதும் சிலருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

வெறிநோய் பாக்டீரியாவால் வருவதன்று, வைரஸால் வருவது. ஆனால் அதுவும் உமிழ்நீர் வழியாகவே வருகிறது என்பதால் கடிபட்டவர் இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அது வைரஸைக் குறைக்கிறது, பாக்டீரியாவையும் குறைக்கிறது. பிறகு அன்றே மருத்துவரிடம் சென்று, கடித்த விலங்கு எது, எப்போது கடித்தது என்பதைச் சொல்லி, வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்று கேட்க வேண்டும். கையிலோ மூட்டின் அருகிலோ பூனை கடித்திருந்தால் வீக்கம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மண்ணீரல் இல்லாதவர்கள் அந்தச் செய்தியை மருத்துவரிடம் தாமாகவே முதலில் சொல்லிவிட வேண்டும். காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அவர்களுக்கு ஆன்டிபயாடிக்கை அன்றைக்கே தொடங்க வேண்டியிருக்கும்.